மூன்று தூம்பு வீடு

ஐயாதுரை வீட்டில் நாலு மூக்கு இருந்தும் ஒழுங்காக வேலை பார்த்தது ஒன்றே ஒன்றுதான். ஐயாதுரைக்குப் பொடி. எழுந்ததும் ஒரு சிமிட்டா, காப்பிக்குப் பிறகு ஒரு சிமிட்டா என்று நாற்பது வருஷமாக ஏற்றியதில் மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. மகன் காளிராஜ் ராஜபாளையத்து மில் ஒன்றில் புளோ ரூம் பிட்டர். பஞ்சை உதறிப் பிரிக்கிற அந்த இடத்தில் பதினாறு வருஷம் நின்றவனுக்கு மூக்கு என்பது கண்ணாடி மாட்டுவதற்கு மட்டும்தான். ஐயாதுரையின் பெண்சாதி சீனியம்மாள் எந்நேரமும் வெற்றிலையும் புகையிலையுமாக இருப்பவள், தன் வாய் மணத்தைத் தாண்டி வேறெதுவும் அவளை எட்டாது. மிச்சம் இருந்தது மருமகள் செல்லக்கனியின் மூக்கு. அவளோ மூன்றரை மாதமாக முழுகாமல் இருந்தாள். அந்த நேரத்தில் ஒரு பெண்ணின் மூக்கு எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

1992ஆம் வருஷம். அந்த ஆனியில் மேல்காற்று முன்னதாகவே இறங்கிவிட்டது. மலைப்பக்கத்திலிருந்து வந்து ஓடுகளின் மேல் சரசரவென்று ஏறி இறங்கியது. காற்று அடிக்க அடிக்க வீட்டுக்குள் அந்த வாடை இடம் மாறிக்கொண்டே இருந்தது. காலையில் அடுப்படியில் இருக்கும். பதினொரு மணிக்குச் சாமி படத்துக்குக் கீழே நிற்கும். சாயங்காலம் கட்டில் பக்கம் வந்துவிடும். கூமுட்டையை உடைத்த வாடை, அதற்கு அடியில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்த புழுக்கம்.

"அத்தை, இப்ப அடிக்குது பாருங்க. இந்தா, இந்த எடத்துல."

சீனியம்மாள் வந்து நின்று இரண்டு தரம் உறிஞ்சிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லியே தாயி. மசக்கைன்னா அப்பிடித்தான். காளிராஜு வயித்துல இருக்கையில எனக்கு மஞ்சப்பொடி ஆகாது. இந்தா இருக்காவளே உங்க மாமா, அவிய கிட்ட வந்தாலே ஆகாது."

"அது மசக்கை அத்தை. இது தண்ணி போற தூம்போட வாடை."

"எல்லாம் ஒண்ணுதான். நாலு மாசம் கழிஞ்சா சரியாயிரும்."

நாலு மாசம் என்ற வார்த்தையைக் கேட்டாலே செல்லக்கனி பேச்சை மாற்றிவிடுவாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம். இதற்கு முன்னால் இரண்டு தரம் உண்டாகி இரண்டும் நாலாம் மாதத்தில் கலைந்துபோயின. இரண்டு தரமும் அவள் மம்சாபுரத்தில் தாய்வீட்டில் இருந்தாள். அதனால் அந்த வீட்டு வாசல் அவளுக்கு ஆகாது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஊர் சொன்னதை அவள் நம்பினாளோ இல்லையோ, அந்த வீட்டுக் கட்டிலில் இன்னொரு தரம் படுக்க அவள் தயாராக இல்லை. இந்தத் தரம் எது வந்தாலும் ராஜபாளையத்தை விட்டு அசைவதில்லை என்று இருந்தாள். ஆனால் ராஜபாளையத்து வீட்டில் ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.

தட்டை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க நடப்பாள். வாடை இல்லாத மூலை ஒன்றைக் கண்டுபிடித்து நின்றபடி நாலு பருக்கை வாயில் போடுவாள். அஞ்சாவது பருக்கைக்கு வாடை தேடி வந்துவிடும். தட்டோடு தெருக்குழாய் வரைக்கும் போய் அங்கே நின்று மோர்ச்சோறு தின்றதும் உண்டு. குழாயடியில் நின்ற பெண்கள், "ஏட்டி, வீட்டுல என்ன சண்டையா?" என்று கேட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில் கிளினிக் வைத்திருந்த பெண் டாக்டர் ஆனி முதல் வாரம் எடை பார்த்துவிட்டு, "நாப்பத்தாறுல இருந்து நாப்பத்தி ரெண்டு. இப்பிடியே எறங்குனா பிள்ள தாங்காதும்மா" என்று பட்டென்று சொல்லிவிட்டார்.

காளிராஜ் தேடத் தொடங்கினான். நல்ல பையன்தான். மெஷினில் சத்தம் வந்தால் எந்த பேரிங் என்று காதை வைத்தே சொல்லிவிடுவான். வாடைக்குக் காது உதவவில்லை. முதலில் எலி செத்துக் கிடக்கிறது என்று ஓட்டைப் பிரித்தான். கிடைத்தது ஒரு பழைய பந்தும் பல்லி முட்டைகளும். அடுத்து, அடுப்படி மூலையில் பாத்திரம் கழுவுகிற அங்கணத்தைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தான். அன்றைக்கு இரண்டு வாடை அடித்தது. பிறகு, தெருவோரத்து வாறுகால்தான் காரணம் என்று மண்வெட்டியால் வீட்டு முன்னால் முழுக்கச் சாக்கடையை வாரிக் குவித்தான். எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மா நாச்சியார், அந்தக் குவியல் தன் வாசலுக்கு நேரே கிடப்பதைப் பார்த்துவிட்டு, "மா இல்லு காதம்மா, எங்க வீட்டு வாசம் இல்ல. அள்ளுனத நீங்களே எடுத்துக்கோங்க" என்றாள். அதையும் கூடையில் அள்ளிப்போய்க் கொட்டிவிட்டு வந்தான்.

மில்லில் இருந்து மூன்றரை மணிக்கு வருவான், சட்டையைக் கழற்றுவான், எதையாவது உடைப்பான். அவனுக்கு உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் பெண்சாதி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுவதைப் பார்க்கவேண்டும்.

"உனக்கு இப்ப எங்கிட்டு அடிக்குது?"

"இப்ப இங்கிட்டு."

"செத்த நேரம் முந்தி அங்கிட்டுன்னியே."

"நானா அதைத் தூக்கிட்டு அலையுதேன்? அது வருது, நான் சொல்லுதேன்."

ஒரு வாரம் இப்படிப் போனபின் கண்ணுச்சாமி கொத்தனாரைக் கூப்பிட்டார்கள். தூம்பு, தொட்டி வேலைகளில் கை தேர்ந்தவர். வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் கேள்வியாக, "அண்ணாச்சி, வீட்டுல மொத்தம் எத்தன தூம்பு?" என்றார்.

"மூணு" என்றார் ஐயாதுரை.

"மூணுதான்" என்றாள் சீனியம்மாள் அடுப்படியிலிருந்து.

செல்லக்கனி கூடவே போய்க் காட்டினாள். அங்கணம் ஒன்று, கொல்லையில் குளிக்கிற மறைப்பு ஒன்று. இரண்டு தண்ணீரும் வாறுகாலுக்குப் போகிறது. மூன்றாவது கக்கூஸ். அது செப்டிக் டேங்குக்கு. கண்ணுச்சாமி மூன்றிலும் வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தார். எல்லாம் மடமடவென்று ஓடியது. டேங்கு மூடியைக் கடப்பாரை வைத்து நெம்பித் திறந்தார். உள்ளே ஒரே ஒரு குழாய்தான் வந்து விழுந்தது. "பாதிகூட நெறையல. டேங்குல குத்தம் இல்ல அண்ணாச்சி" என்றார். காற்றுப் போகிற குழாயின் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டு, குழாயை இன்னும் அஞ்சடி உயர்த்திவிட்டுப் போனார். இரண்டு நாள் வாடை குறைந்த மாதிரி இருந்தது. செல்லக்கனி உட்கார்ந்து அரைத்தட்டுச் சோறு சாப்பிட்டாள். மூன்றாம் நாள் காலையில் காற்று திரும்பியது, வாடையும் திரும்பியது.

அதற்குப் பிறகு எல்லாரும் சேர்ந்து மசக்கை என்று தீர்த்துவிட்டார்கள். கொத்தனாரே சொல்லிவிட்ட பிறகு யார் என்ன சொல்ல முடியும். காளிராஜ்கூட ஒரு நாள், "ஏட்டி, ஒருவேள உனக்கு மட்டும் தோணுதோ என்னமோ" என்றான். அன்றைக்கு அவள் அவனோடு பேசவில்லை. ஒரு வீட்டில் ஒருத்திக்கு மட்டும் ஒன்று தெரிந்து, மற்றவர்கள் அத்தனை பேரும் அன்பாக அது இல்லை என்று சொன்னால் பைத்தியம் பிடித்துவிடும். அவளுக்குப் பாதி பிடித்துவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாமியாரும் மருமகளும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். கிளினிக்கில் புதிதாக ஒரு நர்சு இருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், ஒல்லியான பெண், வெள்ளைச் சேலை. சீனியம்மாள் வெயிலில் நடந்த களைப்பில் வெளிப் பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். நர்சு பானைத் தண்ணீர் மொண்டுவந்து அவளிடம் கொடுத்தாள். பழைய அட்டை நைந்துபோய்விட்டது, வேறு எழுதவேண்டும் என்று பெயர், விலாசம் கேட்டாள்.

"ராஜபாளையத்துல ஐயாதுரை வீடுன்னா எல்லாருக்கும் தெரியும். மகன் காளிராஜு, இது மருமக" என்றாள் சீனியம்மாள். "தலைப்பிள்ள. பாத்து எழுது தாயி."

நர்சின் பேனா சிறிது நேரம் நின்றது. பிறகு எழுதினாள். செல்லக்கனியை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"தலைப்பிள்ளையா அக்கா?"

"இல்ல. மூணாவது" என்றாள் செல்லக்கனி. "ரெண்டு தங்கல. ஆனா மூணாவதுதான்."

நர்சு ஒன்றை அடித்து மூன்று என்று எழுதினாள். அதைப் பார்த்ததும் செல்லக்கனிக்குக் கண் கலங்கிவிட்டது. எடை மெஷினில் ஏறி நிற்கச் சொன்னாள் நர்சு. முள் நாற்பத்தொன்றில் நின்றது.

"என்னக்கா இது. சாப்பிடவே மாட்டீங்களா?"

கேட்டதுதான் தாமதம், செல்லக்கனி அம்புட்டையும் கொட்டினாள். கூமுட்டை வாடை, காற்றோடு இடம் மாறுவது, எலி, அங்கணம், வாறுகால், டேங்கு, குளவிக் கூடு. நர்சு குறுக்கே பேசாமல் கேட்டாள். மசக்கை என்று சொல்லவில்லை.

"பொழங்காத தூம்பு எதும் இருக்கா வீட்டுல?" என்றாள். "இங்க பின்னால ஒரு ரூமு பூட்டியே கெடந்துச்சு. அங்கயும் இதே வாடைதான். தூம்புக்குள்ள வளைவுல கொஞ்சம் தண்ணி எப்பவும் நிக்கும். அந்தத் தண்ணிதான் டேங்கு வாடைக்கு மூடி. பொழங்காம கெடந்தா அது வத்திரும், மூடி இல்லாமப் போயிரும். இப்ப சனிக்கிழமைக்குச் சனிக்கிழம ஒரு வாளி ஊத்துறோம். வாடை இல்ல."

"எங்க வீட்டுல மூணு தூம்புதான். மூணும் பொழங்குறதுதான்."

நர்சு அட்டையைப் பார்த்தபடி சொன்னாள். "நாலு அக்கா."

"என்னது?"

"நாலு. மேக்கு ரூமுல ஒண்ணு இருக்கு. நீலக்கலரு டைல்ஸ் போட்டது. நான் பாத்ததில்ல, அவிய சொல்லியிருக்காவ."

செல்லக்கனி எடை மெஷினில் நின்றபடியே அவளைப் பார்த்தாள். சேலையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டை அப்போதுதான் கண்ணில் பட்டது. கிருபாபாய்.

காளிராஜுக்கு ஒரு தம்பி உண்டு. சௌந்தரபாண்டியன். ஸ்ரீவில்லிபுத்தூரில் டைல்ஸ் கடையில் வேலை பார்த்தான். நாலு வருஷத்துக்கு முன்னால், தனக்குக் கல்யாணம் ஆகும்போது பெண் கொல்லைக்கு நடக்கக்கூடாது என்று மேற்கு அறையோடு ஒட்டிக் குளியலறை கட்டினான். சிவகாசியிலிருந்து ஆள் கொண்டுவந்து, செப்டிக் டேங்கையும் அவன்தான் போட்டான். குளியலறைத் தண்ணீரைத் தரைக்கடியிலேயே கக்கூஸ் குழாயோடு சேர்த்துவிட்டான். தெருவில் முதல் டைல்ஸ் அதுதான். ஐயாதுரை வருகிறவன் போகிறவனை எல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார். மறு வருஷம் ஆவணியில், பையன் சர்ச்சில் மாலை மாற்றிக்கொண்டான், பெண் பெயர் கிருபாபாய் என்று செய்தி வந்தது. தலைமுழுகிவிட்டேன் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் வாயால்தான் முழுகுவார்கள். ஐயாதுரை நிஜமாகவே முழுகினார். நேரே அந்த நீல டைல்ஸ் குளியலறைக்குள் போய்த் தலையில் ஒன்பது குடம் ஊற்றினார். ஈரத்தோடு வெளியே வந்து அறையைப் பூட்டினார். "இனி இந்தத் தூம்புல தண்ணி விழக்கூடாது" என்று சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார்.

கதவுக்கு முன்னால் பருத்திக்கொட்டை மூடைகளை அடுக்கினார்கள். ரேஷன் கார்டில் பெயரை அடித்தார்கள். யாராவது பையன் எத்தனை என்று கேட்டால் ஒன்று என்றார்கள். சொல்லிச் சொல்லி அந்த அறையே வீட்டிலிருந்து காணாமல் போய்விட்டது. ஓட்டு வீட்டில் உள்சுவர்கள் கூரை வரை போவதில்லை. பூட்டிய அறையின் காற்று சுவருக்கு மேலே ஏறி வீடு முழுக்க உலாவிக்கொண்டிருந்தது. கொத்தனாருக்கு மூன்று தூம்பைக் காட்டியவள் தான்தான் என்பது நினைவுக்கு வந்ததும் செல்லக்கனிக்கு வெட்கமாகப் போயிற்று. அந்தக் கொழுந்தன் அவளுக்கு ஊரிலிருந்து பால்கோவா வாங்கிவராத வாரம் கிடையாது.

"எப்பிடி இருக்காவ?" என்றாள்.

"இருக்காவ." கிருபாபாய் அட்டையை நீட்டினாள். "நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க அக்கா. பேரைச் சொன்னா தண்ணி விழாது. ஒங்களுக்கு இப்ப சோறு எறங்கணும்."

பஸ்ஸில் திரும்பும்போது சீனியம்மாள் நல்ல உற்சாகத்தில் இருந்தாள். "அந்த நர்சுப் பிள்ளை எம்புட்டு மரியாத பாத்தியா. வாய் நெறைய அத்தைன்னு கூப்புட்டுச்சு. இந்தக் காலத்துல பாட்டின்னுல்லா கூப்பிடுவாளுக." செல்லக்கனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வயிறு காலியாக இருந்தது, மனது நிறைந்து கிடந்தது, இரண்டும் சேர்ந்து குமட்டியது.

சாயங்காலம் புருஷனிடம் தூம்பை மட்டும் சொன்னாள். யார் சொன்னது என்று சொல்லவில்லை. காளிராஜ் நெற்றியில் அடித்துக்கொண்டான். பிறகு முகம் சுருங்கியது.

"அப்பாட்ட எவன் சாவி கேக்குறது?"

"நீங்கதான்."

"நான் கேட்டா என்னயும் சேத்துப் பூட்டிருவாரு."

இரவெல்லாம் யோசித்து அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். மெஷின்காரன் புத்தி. அறையைத் திறக்கவே வேண்டாம். மேற்குச் சுவருக்கு வெளியே தோண்டினால் குழாய் சேருகிற மூட்டு கிடைக்கும். அந்த இடத்தில் வெட்டி சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டால் முடிந்தது. காலையில் தயங்கித் தயங்கி அப்பாவிடம் சொன்னான். மேற்கு என்ற சொல்லைக் கேட்டதும் ஐயாதுரையின் பொடி விரல் மூக்குக்குப் போகாமல் பாதியில் நின்றது. கடைசியில், "தண்ணி விழாதுல்லா?" என்று மட்டும் கேட்டார்.

"விழாதுப்பா. அடைச்சே போட்டுரலாம்."

"அடைச்சிரு."

கண்ணுச்சாமி பத்து மணிக்கு வந்து சுவரோரம் இரண்டடி தோண்டினார். காளிராஜ் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு மண் அள்ளினான். மண் குழாய்கள் இரண்டு சேருகிற மூட்டு வெளியே தெரிந்தது. கொத்தனார் உளியால் மூட்டின் மேல்பக்கம் மட்டும் தட்டி இளக்கினார். குப்பென்று அடித்த வாடையில் பக்கத்து வீடுகளில் கைப்பிள்ளைக்காரிகள் கதவைச் சாத்தினார்கள். ஒரு மாதமாக மசக்கை மசக்கை என்று எல்லாரும் சொன்ன வாடை அதுதான். செல்லக்கனி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வேப்பமரத்தைப் பிடித்து நின்றாள். குடலே வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்தாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. நான் பைத்தியம் இல்லை.

கண்ணுச்சாமி சிமெண்டைக் குழைத்து உருண்டையாகக் கையில் எடுத்தார். "அண்ணாச்சி, ஒண்ணு கேட்டுக்கிடுதேன். இத அடைச்சா பொறவு அந்த பாத்ரூமு ஒண்ணுக்கும் ஆகாது. இடிச்சுத்தான் புதுசு பண்ணணும்."

"அதுல பொழங்க ஆரு இருக்கா?" என்றார் ஐயாதுரை. "அடை."

"அடைக்காதீங்க" என்றாள் செல்லக்கனி.

அந்த வீட்டில் மாமனார் வார்த்தைக்கு எதிர் வார்த்தை அவள் ஒன்பது வருஷத்தில் பேசியதில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மரத்தை விட்டு வந்து தோண்டிப்போட்ட மண்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒனக்காகத்தான தாயி அடைக்கிறது" என்றார் ஐயாதுரை. "அடைச்சா வாடை போயிரும். நீ சாப்பிடலாம்."

"வாடை போயிரும் மாமா. எனக்குச் சோறு எறங்காது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் ரெண்டு பறிகொடுத்தவ. அதுக மொகத்தக்கூட நான் பாக்கல. ஆரும் அதக் கணக்குல சேக்க மாட்டேங்குதாவ, தலைப்பிள்ளன்னு எழுதச் சொல்லுதாவ. எனக்கு இது மூணாவதுதான் மாமா. செத்ததையே என்னால இல்லன்னு சொல்ல முடியல. ஒங்க பிள்ள உசுரோட, பஸ்ஸுல அரைமணி நேரத்துல இருக்காவ. அவிய கட்டுன தூம்ப அடைச்சுட்டுத்தான் என் பிள்ள பொழைக்கணும்னா, நான் இன்னைக்கே மம்சாபுரம் போயிருதேன்."

"ஏட்டி, என்ன பேசுத" என்றான் காளிராஜ். மம்சாபுரம் என்றால் என்ன என்பது அவனுக்குத் தெரியும்.

ஐயாதுரைக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா. "இதெல்லாம் ஒனக்கு ஆரு சொல்லிக் குடுத்தது? அங்க ஒரு தூம்பு இருக்குன்னு ஆரு சொன்னா?"

செல்லக்கனி ஒரு நொடிதான் யோசித்தாள். "அந்தப் பிள்ளதான் சொல்லுச்சு. கிருபாபாய். கிளினிக்குல நர்சா இருக்கு. தன் பேரச் சொல்லாத, சொன்னா அவிய தண்ணி ஊத்த மாட்டாவன்னும் அதுதான் சொல்லுச்சு."

சீனியம்மாள் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள். "ஒல்லியா, வெள்ளச் சேல கட்டிக்கிட்டு, அவளா?"

"அவதான் அத்தை."

சீனியம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து புருஷனுக்கு முன்னால் நின்றாள். மூன்று வருஷமாக அவள் அந்த அறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. அழுததுகூட இல்லை. "நான் அவ கையால தண்ணி வாங்கிக் குடிச்சிட்டேன்" என்றாள். "அத்தைன்னு கூப்புட்டா, நானும் சொல்லு தாயின்னுட்டேன். இனி என்னயும் தலைமுழுகிருங்க. இன்னும் ஒம்பது கொடம் ஊத்தணும்னா நானே மொண்டு தாரேன்."

கொத்தனார் கையில் சிமெண்ட் இறுகத் தொடங்கியிருந்தது. "அண்ணாச்சி, இது ரொம்ப நேரம் தாங்காது" என்றார் மெதுவாக.

ஐயாதுரை வீட்டுக்குள் போனார். சண்டைக்கு எதையோ எடுக்கப் போகிறார் என்று காளிராஜ் பின்னாலேயே ஓடினான். அவர் மூடைகளுக்கு முன்னால் நின்று அரைஞாணில் முடிச்சை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்து முடிச்சு, விரலுக்குக் கட்டுப்படவில்லை. காளிராஜ் குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தான். அப்பனுக்கும் மகனுக்கும் அதற்குள் வியர்த்துவிட்டது. வெளியே கண்ணுச்சாமி அந்த சிமெண்டை வைத்தே இளக்கிய மூட்டைத் திரும்பப் பூசிவிட்டு உள்ளே வந்தார்.

மூடைகளை நகர்த்திக் கதவைத் திறந்தார்கள். கட்டில் மேல் தூசி. குளியலறையில் கண்ணாடியின் மூலையில் கடைக்காரன் ஒட்டிய சீட்டுக்கூட உரிக்கப்படாமல் இருந்தது. சோப்பு வைக்கிற பெட்டியில் பிரிக்காத சோப்பு ஒன்று. தரையில் தூம்பு வாயை மூடியிருந்த சல்லடைத் தட்டைக் கண்ணுச்சாமி எடுத்துவிட்டு விரலை உள்ளே விட்டார். "சொட்டுத் தண்ணி இல்ல. துப்புரவா காஞ்சு கெடக்கு" என்றார்.

சீனியம்மாள் குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள். காளிராஜ் கை நீட்டினான். ஐயாதுரை அவனைத் தள்ளிவிட்டுக் குடத்தைத் தானே தூக்கினார். எழுபதை நெருங்குகிறவருக்குக் குடம் கனத்தது. பாதி டைல்ஸ் மேலேயே கொட்டியது. மீதி தூம்புக்குள் இறங்கிக் களக் களக் என்று இரண்டு தரம் விழுங்கி நின்றது. வளைவில் தண்ணீர் தேங்கி, மேலே கூரைச் சந்தின் வெளிச்சம் அதில் தெரிந்தது.

"அம்புட்டுத்தான் அண்ணாச்சி" என்றார் கண்ணுச்சாமி. "இனி வாரத்துக்கு ஒரு வாளி ஊத்துனாப் போதும்."

"அம்புட்டுத்தானா?" என்றார் ஐயாதுரை.

"அம்புட்டுத்தான்."

மத்தியானம் காற்று நாலாப்பக்கமும் சுற்றியது. செல்லக்கனி அடுப்படியிலும், சாமி படத்துக்குக் கீழும், கட்டில் பக்கமும் போய் நின்று பார்த்தாள். சாம்பார் வாசம் அடித்தது. மழை வரப்போகிற மண் வாசம் அடித்தது. அத்தையிடம் போய், "பசிக்குது" என்றாள். சீனியம்மாள் முட்டைக்கோஸ் பொரியலை அரைச் சட்டி எடுத்து வைத்தாள். உட்கார்ந்து, ஒரே இடத்தில் உட்கார்ந்து, அவள் தின்று முடிக்கும் வரை காளிராஜ் நிலைப்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அடுத்த செவ்வாய் முள் நாற்பத்திரண்டைத் தாண்டியது. அதற்கடுத்த செவ்வாய் நாற்பத்து மூன்று. நாலாம் மாதம் முடிந்து ஐந்தாம் மாதம் பிறந்தது.

ஆடியில் தண்ணீர்க் கஷ்டம் வந்துவிட்டது. நாலு நாளைக்கு ஒருதரம்தான் குழாயில் வரும். ஒருநாள் காலை செல்லக்கனி பழைய சோற்றைப் பிழிந்து வைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கொல்லையிலிருந்து மாமியார் குரல் கேட்டது.

"வாரத்துக்கு ஒரு வாளி போதும்னு கொத்தனாரு தலபாடா அடிச்சுச் சொல்லிட்டுப் போனாரு. நீங்க காலையில ஒண்ணு, பொழுதடைய ஒண்ணுன்னு தெனம் ரெண்டு வாளி கவுத்துதீய. நான் தண்ணிக்கு எங்க போவேன்?"

மேற்கு அறைக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் முழுக்க ஓய்ந்தது. காலி வாளியோடு ஐயாதுரை வெளியே வந்தார்.

"அவன் ரெண்டு வேளையும் குளிக்கிறவன்" என்றார்.

சீனியம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு, சாயங்காலத்துக்கு மொண்டு வைக்கப் போனாள்.